எடுக்காத கால்

அந்த வண்டி எங்கள் பட்டறைக்கு ஓடி வரவில்லை. இழுவை லாரியின் முதுகில் ஏறி, காலை மழையில் நனைந்துகொண்டு வந்தது. கறுப்பு நிறம், ஆட்டோமேட்டிக் கியர், பார்க்கப் பழுது எதுவும் தெரியவில்லை. முன் பம்பர் மட்டும் புதிதாக மாற்றப்பட்டிருந்தது.

பின்னாலேயே வாடகைக் காரில் வந்து இறங்கியவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். இரண்டு முழங்காலும் மடங்காத மாதிரி நடந்தார். வண்டியை இறக்கும்போது என் தம்பி "இந்தப் பக்கம் வாங்க டீச்சர், நனையாதீங்க" என்று பானெட்டுக்கு முன்னால் இருந்த கூரையைக் காட்டினான். அவர் வரவில்லை. மழையிலேயே வண்டியின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். அன்று அவர் எங்களோடு இருந்த நேரம் முழுக்க ஒரு தடவைகூட அந்த வண்டிக்கு முன்னால் வரவில்லை. நான் அதைக் கவனித்தேன். கேட்கவில்லை. வாடிக்கையாளரின் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது எனக்குப் பிடிக்காது.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய கார்களில் எஞ்சினை ஆட்டிவைப்பது ஒரு சின்ன கம்ப்யூட்டர். காலை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும், எப்போது பொறி விழவேண்டும் என்பதெல்லாம் அதற்குள் ஒரு ஃபைலாக இருக்கும். அந்த ஃபைலை எடுத்து, வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் ஏற்றபடி திருத்தி, திரும்ப எழுதுவது என் வேலை. வண்டியைத் தரையில் பதித்த உருளைகளின் மேல் ஏற்றி, நான்கு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கி, நின்ற இடத்திலேயே ஓடவைத்துச் சோதிப்பது தம்பியின் வேலை. என்னைவிட அவனுக்கு ஆள் பழக்கம் அதிகம், புத்தி கொஞ்சம் குறைவு. அவனிடமே இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், சிரிப்பான்.

"என்ன பண்ணனும் டீச்சர்? பவர் ஏத்தணுமா?" என்று கேட்டேன்.

"சாதுவாக்கணும்" என்றார். "நான் ஓட்டற மாதிரி."

"இப்ப ஓட்ட முடியலையா?"

"நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது. கம்பெனி சர்வீஸ்ல நாலு தடவை பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"பிடிக்கலைன்னா வித்துடலாமே" என்றான் தம்பி. சும்மா இருக்க மாட்டான்.

டீச்சர் அவனைப் பார்த்தார். "வித்தா, வாங்கறவங்க வீட்டு ஆளுங்க இதுக்கு முன்னாடி நிப்பாங்களே தம்பி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "என் வீட்டுக்காரரோட வண்டி. அவர் இருந்தவரைக்கும் அவர் பேச்சை மட்டும்தான் கேட்டுச்சு. இனிமே என் பேச்சைக் கேக்கணும்" என்றார். அந்தக் குரலில் அழுகை இல்லை. கோபம்தான் இருந்தது, நன்றாகக் காய்ந்துபோன கோபம்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் போனதும் வண்டியை உருளைமேல் ஏற்றினோம். சத்தம் வெளியே போனால் பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்பதால் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் சோதனை செய்வோம். பட்டப்பகலிலும் உள்ளே குழல் விளக்குதான். பெட்ரோல் வாடை, சூடான ரப்பர் வாடை. எனக்கு அது வீட்டு வாடை.

முதலில் பழைய ஃபைலைப் படித்து லேப்டாப்பில் சேமித்தேன். அது தொழிலின் முதல் பாடம்: புதிதாக எழுதுவதற்கு முன் பழையதைப் பத்திரப்படுத்து. எழுதும்போது ஏதாவது கெட்டுப்போனால் திரும்ப வைக்க வேண்டுமே. ஃபைலோடு சேர்த்து, வண்டி தானாகக் கற்றுக்கொண்டதையும் எடுத்தேன். ஆமாம், இந்தக் கம்ப்யூட்டர்கள் கற்றுக்கொள்ளும். ஓட்டுபவரின் கால் எப்படி என்று நாளடைவில் பழகிவைத்துக்கொள்ளும். மென்மையான காலா, முரட்டுக் காலா என்று அதற்குத் தெரியும்.

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, லேப்டாப்பைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். எஞ்சினை எழுப்பினேன். கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி திரையைப் பார்த்தேன். தம்பி வண்டிக்கு எதிரே பெரிய காற்றாடியைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தான். ஓடாத வண்டிக்குக் காற்று தர அதுதான் வழி.

திரையில் ஆக்ஸிலேட்டர் கோடு எழும்பி இறங்கியது.

மறுபடி எழும்பி இறங்கியது.

இரண்டு தடவை, கதவைத் தட்டுவது போல. எஞ்சின் இரண்டு தடவை உறுமியது.

என் கால் பிரேக்கில் இருந்தது. ஆக்ஸிலேட்டர் பக்கம் போகவே இல்லை. பெடலுக்குள் இரண்டு சென்சார் உண்டு, ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். இரண்டும் ஒரே சொல்லில் நின்றன. சென்சார் கோளாறு இல்லை. யாரோ மிதிக்கிறார்கள்.

குனிந்து பார்த்தேன்.

பெடல் மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. அதன் ரப்பர், ஒரு ஷூவின் நுனி பட்டது போல அமுங்கியிருந்தது.

அடுத்த நொடி அது தரையைத் தொட்டது.

பிரேக்கை மிதித்தால் ஆக்ஸிலேட்டர் அடங்கவேண்டும் என்பது கம்ப்யூட்டருக்குள் எழுதிவைத்த சட்டம். அன்று அந்தச் சட்டம் செல்லவில்லை. வண்டி முழு உடம்போடு முன்னால் பாய்ந்தது. பின்பக்க பெல்ட் ஒன்று அறுந்து, அதன் இரும்புக் கொக்கி பின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து என் காதோரம் போனது. தம்பி காற்றாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் நின்றான். வாயைத் திறந்து ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. லேப்டாப்பில் பெட்ரோல் பம்பை நிறுத்தும் கட்டளையை அழுத்தினேன். இரண்டாவது தடவைதான் அழுந்தியது.

எஞ்சின் இருமி அடங்கியது. தம்பியின் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் இருந்தது.

அவன் மூச்சு வாங்கிவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த எஞ்சின்ல இவ்ளோ பவர் வரவே வராது. எப்படிக்கா வந்துச்சு?" என்றான். அவன் கண்ணில் பயம் இருந்தது. அதைவிட அதிகமாக ஆசை இருந்தது. அந்த நேரமே கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும்.

டீச்சருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லத் தொடங்கியதுமே அவர் குறுக்கிட்டார்.

"முதல்ல ரெண்டு தடவை உறுமுச்சா?"

"ஆமா."

வகுப்பறைப் பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அது எனக்குச் சொல்றது" என்றார். "ஓடுன்னு. வீட்டு முற்றத்துல என்னை நிக்கவெச்சு, வண்டியில ஏறி உக்காந்து, ரெண்டு தடவை உறுமுவாரு. நான் ஓடணும். சுவரு வரைக்கும் தொரத்திட்டு, முழங்கால்கிட்ட வந்து நிறுத்துவாரு. அவருக்கு அது விளையாட்டு."

"கடைசியா?"

"கடைசி தடவை நிறுத்தலை. நெஞ்சுவலி வந்துடுச்சு. என் கால் ரெண்டும் சுவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல. அவரு ஸ்டீயரிங் மேல சாஞ்சு கிடந்தாரு. ஆளுங்க வந்து கதவை உடைக்கிறவரைக்கும் எஞ்சின் கத்திக்கிட்டே இருந்துச்சு." அவர் குரல் தாழ்ந்தது. "செத்த பிறகும் அவரு காலை எடுக்கலைம்மா."

போனை வைத்துவிட்டு நான் செய்ததெல்லாம் என் தொழிலில் எனக்குத் தெரிந்தது மட்டுமே. கற்றுக்கொண்டது அத்தனையையும் அழித்தேன். ஃபைலை அடிமட்டத்திலிருந்து புதிதாக எழுதினேன். மெதுவாக எழுந்து, மெதுவாக ஓடி, சொன்ன இடத்தில் நிற்கிற வண்டியாக அதை ஆக்கினேன். மறுபடி உருளைமேல் ஓடவிட்டேன். பெடல் அசையவில்லை.

டீச்சர் வந்து ஓட்டிப் பார்த்தார். ஒரு சுற்று போய்த் திரும்பி வந்து, எஞ்சினை அணைக்காமலே இறங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, விறைத்த கால்களோடு, வண்டியின் முன்னால் போய் நின்றார். பானெட்டைப் பார்த்தபடியே நின்றார். எஞ்சின் பூனைபோல முனகிக்கொண்டிருந்தது. அவர் அழுதார். எனக்கும் கண் கலங்கிற்று, மறைக்க என்ன இருக்கிறது.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டறையில் வாய்ச்சவடால் விடுவானே ஒழிய, வீட்டில் பெண்டாட்டி கண்ணைக் காட்டினால் உட்காருவான். அவள் பக்கத்தில் இருந்தால் தெரு நாய் தூங்குகிற இடத்தில்கூட ஹாரன் அடிக்கமாட்டான். கை ஓங்குவது என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை. அதனால்தான் அவள் ஒரு நாள் பட்டறைக்கு வந்து, அவன் இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் சொன்னது எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அண்ணி, அவர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க. சாயங்காலம் வரும்போது நான்தான் கேட்டைத் திறப்பேன். நான் முன்னாடி நிக்கும்போது ரெண்டு தடவை உறுமறாரு. முதல்ல விளையாட்டுன்னு சிரிச்சேன். இப்ப பயமா இருக்கு. கேட்டா நான் எங்க உறுமினேன்ங்கறாரு."

நான் நேரே லேப்டாப் இருந்த மேஜைக்குப் போனேன்.

எங்கள் தொழிலில் யாரும் நல்ல பவர் காட்டின ஃபைலைத் தூக்கிப்போடமாட்டார்கள். அந்தப் புத்தியை மாற்ற யாராலும் முடியாது. ஒரே எஞ்சின் உள்ள இன்னொரு வண்டி கிடைத்தால் எழுதிப் பார்த்துவிடுவார்கள். தம்பியின் காரிலும் அதே எஞ்சின்தான், உடம்பு மட்டும் வேறு. லேப்டாப்பைத் திறந்தேன். நான் பத்திரப்படுத்திய அந்தப் பழைய ஃபைலை அவன் எடுத்திருந்தான். கற்றுக்கொண்டதையும் சேர்த்து எடுத்திருந்தான்.

கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றான். "அதுல உக்காந்தா என் கால் எனக்குக் கனமா இருக்கு. வேற யாரோ என் கால் மேல கால் வெச்ச மாதிரி."

"வண்டியை உடனே கொண்டா. அழிச்சிடறேன்."

"கட்டிப் போட்டுட்டு அழிப்போம்க்கா" என்றான் அவனே. அந்தக் குரலை இப்போதும் கேட்கிறேன்.

மத்தியானம் கொண்டுவந்தான். உருளைமேல் ஏற்றி, இருந்த பெல்ட் எல்லாவற்றையும் மாட்டி இறுக்கினோம். எழுதும்போது எஞ்சின் ஓடத் தேவையில்லை, சாவியைப் பாதி திருப்பி வைத்திருந்தால் போதும். அதற்கு அவன் உள்ளே உட்கார்ந்தான். நான் வெளியே மேஜையருகே நின்று, நீளமான ஒயரில் லேப்டாப்பை இணைத்தேன். அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்தது.

ஷட்டர் இறக்கியிருந்தது. எங்கும் சத்தமில்லை. அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

பட்டறையின் பக்கவாட்டுக் கதவு திறந்தது.

அவன் பெண்டாட்டி. போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறான், அதைக் கொடுக்க வந்திருக்கிறாள். அந்தக் கதவு திறப்பது நேராக வண்டியின் முன்னால்.

"இந்தாங்க, மறதிக்கு ஒரு அளவு வேணாமா" என்று போனை ஆட்டிக்காட்டியபடி பானெட்டுக்கு எதிரே வந்து நின்றாள்.

பச்சைப் பட்டை நின்றது.

எஞ்சின் தானாக எழுந்தது.

ஒரு உறுமல்.

இன்னொரு உறுமல்.

"ஓடு" என்று கத்தினேன். அவள் என்னைத்தான் பார்த்தாள். எதற்கு ஓடவேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

தம்பி கதவை உலுக்கினான். வண்டி கிளம்பினால் கதவுகள் பூட்டிக்கொள்வது அந்த ரகத்தின் வழக்கம், பூட்டிக்கொண்டுவிட்டன. கியர் பார்க்கிங்கில்தான் இருந்தது. சக்கரங்கள் சுற்றின. உருளைகள் ஊளையிட்டன. பெட்ரோல் பம்பை நிறுத்தினேன். "நிறுத்தப்பட்டது" என்று திரை காட்டியது. எஞ்சின் நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். அப்போதும் நிற்கவில்லை.

"அக்கா, நான் இல்லை" என்று கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் அசைந்தது. "நான் இல்லைக்கா."

முதல் பெல்ட் அறுந்தது. அதன் கொக்கி என் முன்கையில் அடித்து எலும்பை உடைத்தது. வலி பிறகுதான் வந்தது. ஓடிப்போய் மற்றக் கையால் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். இரண்டாவது, மூன்றாவது பெல்ட்டெல்லாம் ஒரே நேரத்தில் போயின. வண்டி உருளையை விட்டுத் தாவியது. காற்றாடியை நசுக்கியது, அதன் தகடுகள் கூரையில் போய்த் தைத்தன. நான் இழுத்த இழுப்பில் அவள் உடம்பு விலகிவிட்டது. கால்கள் விலகவில்லை. சுவரும் பம்பரும் மோதிய இடத்தில் அவள் முழங்கால்கள் இருந்தன.

அந்தச் சத்தத்தை எழுதமாட்டேன்.

ஏர்பேக் விரியவில்லை. தம்பியின் நெஞ்சு ஸ்டீயரிங்கில் போய் மோதியது. ஒரே மோதல் இல்லை. வண்டி பின்னால் சரிந்து சரிந்து மறுபடி சுவரில் முட்டியது. ஒவ்வொரு முட்டலுக்கும் அவன் தலை ஆடியது. முன் கண்ணாடி உள்பக்கம் சிவப்பாயிற்று. நான் இரும்புக் கம்பியால் பக்கக் கண்ணாடியை உடைத்தேன், பானெட்டை உடைத்தேன், கிடைத்த இடத்திலெல்லாம் அடித்தேன். கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி அடித்தேன். எஞ்சின் உச்சத்தில் அலறிக்கொண்டே இருந்து, கடைசியில் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு, சூடான எண்ணெயைத் தரையெல்லாம் கொட்டிவிட்டு நின்றது. அந்த எண்ணெயில் ரத்தமும் கலந்து என் செருப்புக்கு அடியில் வழுக்கியது.

உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே கை விட்டேன். தம்பி போய்விட்டான்.

வந்த போலீஸ்காரர் ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து மிதித்திருப்பான் என்று எழுதிக்கொண்டார். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். நான் பார்த்ததைச் சொன்னால் என்னையும் எங்காவது கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிடுவார்கள்.

பார்த்தது இதுதான். தம்பி தன் இரண்டு கால்களையும் மேலே தூக்கி, இருக்கைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எந்தப் பெடலையும் தொட்டுவிடக் கூடாது என்று, பாதங்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். செத்த பிறகும் விடவில்லை.

கீழே ஆக்ஸிலேட்டர் தரையோடு தரையாக அழுந்தியே இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரைச் சுத்தியால் பொடியாக்கினேன். லேப்டாப்பையும் சேர்த்து உடைத்து, உலோகம் உருக்குகிற இடத்தில் நானே நின்று உலையில் போட்டேன். பட்டறையைப் பூட்டினேன். டீச்சர் மருத்துவமனைக்கு வந்தார். தம்பி பெண்டாட்டியின் கட்டுப்போட்ட கால்களைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் வண்டி இன்னும் சாதுவாத்தான் இருக்கு. அதைச் சொல்லவே கூசுது" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. எனக்குக் கோபமெல்லாம் தம்பிமேல்தான். உயிரோடு இருந்தால் அடித்தே கொன்றிருப்பேன்.

கை கட்டுப் பிரித்த சமயத்தில், இதே தொழில் செய்கிற ஒருவர் துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டார். நல்ல மனிதர், தம்பிக்குச் சிநேகிதர்.

"தங்கமான பையன்மா" என்றார். "போறதுக்கு முன்னாடிகூட ஒரு ஃபைல் அனுப்பினான். அதே எஞ்சினுக்கு. எழுதிப் பாருங்க அண்ணே, பறக்கும்னான். எனக்கு மட்டும் இல்லை, நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அனுப்பியிருக்கான். நானே நிறைய வண்டிக்கு எழுதிட்டேன். எல்லாரும் அவன் பேரைச் சொல்றாங்க."

அவரிடம் கெஞ்சினேன், அழுதேன். எல்லாவற்றையும் அழியுங்கள் என்றேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்து, "மனசைத் தேத்திக்கம்மா" என்று வைத்துவிட்டார். மற்றவர்களில் பாதிப் பேர் போனை எடுக்கவே இல்லை. அந்த எஞ்சின் எத்தனை தெருக்களில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். சாதாரணக் குடும்ப வண்டி, எல்லார் வீட்டிலும் இருப்பது.

நேற்றுக் காலை தம்பி பெண்டாட்டியைக் கால் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் ஊன்றுகோல். ஒரு எட்டு வைத்து, நின்று, மறு எட்டு வைப்பாள். பெரிய சாலையைக் கடக்கவேண்டும். நல்ல வெயில். நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்தது. வண்டிகளெல்லாம் கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நின்றன. ஸ்கூல் பிள்ளைகள், காய்கறிப் பையோடு ஒரு அம்மா, நாங்கள், எல்லோரும் இறங்கினோம்.

நடுச் சாலைக்கு வந்தபோது முன்வரிசையில் ஒரு எஞ்சின் உறுமியது.

அவள் நின்றுவிட்டாள். "அண்ணி" என்றாள், மூச்சு விடுகிற சத்தத்தில்.

இன்னொரு உறுமல்.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளை நிறக் குடும்ப வண்டி. பின் இருக்கையில் ஒரு சின்னப் பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எங்களுக்குக் கையசைத்தாள். ஓட்டுநர் இருக்கையில் கண்ணாடி போட்ட வயதான மனிதர். யாரையும் அதட்டிக்கூடப் பேசியிருக்கமாட்டார் என்று தோன்றும் முகம்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. குழப்பத்தோடு குனிந்து, தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.